கறை விசாரணை: கிளிநொச்சி வீடுகளுக்கான நடைமுறைக் கையேடு

சலவைக் குறிப்புகள் எல்லாம் கறையை எப்படிப் போக்குவது என்ற கேள்வியில்தான் தொடங்குகின்றன. அவற்றை எழுதியவர்கள் கிளிநொச்சியில் ஒரு நாளும் உடுப்புத் தோய்த்திருக்க மாட்டார்கள். இங்கே வெள்ளைச் சட்டையில் ஒரு கறை தென்பட்டால் கிணற்றடியில் முதலில் எழும் கேள்வி, "ஆர் பாத்த வேலை இது?" என்பதே. ஆள் அகப்படும்வரை சட்டை நனையாது. ஆகவே இந்தக் கையேடும் ஊர் வழக்கப்படி விசாரணையில் தொடங்குகிறது. சவர்க்காரம் பிறகு வரும்.

பின்னணி சுருக்கமானது. 1993 முதல் அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கிறது. துணியின் நிறம் வெள்ளை. ஒழுங்கைகளுக்குப் பறிக்கப்படுவது கிறவல். அதன் நிறம் சிவப்பு. துணி கொடுப்பவர்களும் கிறவல் பறிப்பவர்களும் ஒரு மேசையில் இருந்து பேசியதாகத் தகவல் இல்லை. அவர்களுடைய வேலைகள் இரண்டும் சந்திக்கும் ஒரே இடம் தரம் ஏழில் படிக்கும் பிள்ளையின் முழங்கால். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கிறவல் புழுதியாகக் கொடிக்கு வந்து உடுப்பில் ஏறும். மாரி தொடங்கினால் சேறாகிக் காலுக்குக் கீழிருந்து ஏறும். ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது.

தேவையான பொருட்கள்

- பெரிய வாளி ஒன்று
- மஞ்சள் சன்லைற் அரைக்கட்டி
- தேசிக்காய் சில
- கல்லுப்பு ஒரு பிடி. ஆனையிறவு உப்பு என்றால் சொந்த ஊர்ப் பெருமையும் சேரும்
- பல்லுத் தீட்டித் தேய்ந்த பழைய பிறஷ்
- கண்ணாடிப் போத்தல் ஒன்று. ஏன் என்பது பின்னால் வரும்
- வெயில், மாரியில் இது கடனுக்கும் கிடைக்காது
- சந்தேகநபர் ஒருவர். இருவர் என்றால் விசாரணை கலகலப்பாக இருக்கும்

படி 1: ஆணைக்குழுவை நியமித்தல்

தலைவர் அம்மம்மா. இதில் போட்டி கிடையாது. செயலாளர் அம்மா. சர்வதேசப் பார்வையாளர் பக்கத்து வீட்டு மாமி. அவர் வேலிக்கு மேலால் பார்ப்பார், அழைப்புத் தேவையில்லை. அப்பா ஆணைக்குழுவுக்குப் பூரண ஒத்துழைப்பு வழங்குவதாக அறிவித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவார்.

குழுவின் ஆயுட்காலத்தை முதலே தீர்மானிக்க வேண்டும். இந்த நாட்டில் ஆணைக்குழுக்களுக்குப் பஞ்சமில்லை. 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கும் வந்து அமர்ந்து சாட்சியம் கேட்டது. 2011 இல் அறிக்கையும் வெளிவந்தது. பிள்ளையைக் காணவில்லை என்று சாட்சி சொன்னவர்கள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். வீட்டு விசாரணைக்கு அதிலிருந்து எடுக்கக்கூடிய பாடம் ஒன்று உண்டு: விசாரணை நீண்டால் கறை போகாது, கறைக்கு வயதுதான் போகும். வயது போன கறை நூலுக்குள் குடியேறிவிடும். பிறகு அதை எழுப்பப் பிரதேச செயலாளராலும் முடியாது.

படி 2: தடயம் வாசித்தல்

உடுப்பைக் கொடியில் விரித்துப் போட்டு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கறை எங்கே இருக்கிறது, என்ன வடிவம் என்பதே பாதி வாக்குமூலம்.

நடு முதுகில் கீழிருந்து மேலாக ஒரே வரிசையில் மண்ணிறப் பொட்டுகள் இருந்தால் பிள்ளை மழைக்குள் சைக்கிளில் வந்திருக்கிறது, பின்சில்லுக்கு மட்காட் இல்லை. இதற்குப் பிள்ளையை அதட்டுவது சட்டவிரோதம். மட்காட்டைப் போன வருடமே போடுகிறேன் என்று சொன்னவரை அழைக்கவும். அவர் சந்தையில் இருக்கிறார்.

பாவாடைக் கரையிலோ வலது காற்சட்டைக் காலின் உட்பக்கத்திலோ கறுப்புக் கீறல் என்றால் சைக்கிள் செயின். பொக்கற்றுக்குக் கீழே நீல வட்டம் என்றால் மூடி போடாத பேனை. தோளுக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு செம்பட்டைத் தடம் என்றால் அந்தக் குற்றத்தை உடுத்தவர் செய்யவே இல்லை. அது கொடிக்கம்பியின் கறள். போர் முடிந்தபின் கையில் அகப்பட்ட கம்பியை எல்லாம் வேலிக்கும் கொடிக்கும் கட்டியவர்கள் நாங்கள். ஈரச் சட்டையை அதில் போட்டால் கம்பி தன் கையொப்பத்தை வைத்துவிடும். நைலோன் கயிற்றுக்கு மாறினால் வழக்கு அத்துடன் முடிந்தது.

நெஞ்சில் மஞ்சள் வட்டம் என்றால் சொதி. விசாரணை தேவையில்லை, எல்லாரும் அதே சொதியைத்தான் சாப்பிட்டார்கள்.

படி 3: வாக்குமூலம் பெறல்

மாதிரி விசாரணை ஒன்று:

"ஆர் பாத்த வேலை இது?"

"எனக்குத் தெரியாது அம்மம்மா. அது தானா வந்தது."

"தானா வாறதுக்கு அது என்ன சுயம்புலிங்கமே?"

"தம்பிதான் சேறடிச்சவன்."

"நான் இல்லை, அக்காதான் முதல்ல அடிச்சவா!"

இந்தக் கட்டத்தில் செயலாளர் தடியைத் தேடத் தொடங்குவார். தேடக் கூடாது. தடி எடுத்த வீட்டில் அடுத்த முறை கறை வராது என்று நினைக்க வேண்டாம். கறை வரும், சட்டை வராது. அது புத்தகப் பைக்குள்ளோ கட்டிலுக்குக் கீழேயோ சுருண்டு கிடந்து வெள்ளிக்கிழமை மாலை வெளிப்படும். அதற்குள் சேறு காய்ந்து, வியர்வை மஞ்சளாகி, மாரிக்காலம் என்றால் பூஞ்சணத்தின் கரும்புள்ளியும் விழுந்திருக்கும். பிடிவாதமான கறைகளில் பெரும்பங்கு இப்படிப் பயத்தில் ஒளித்துவைக்கப்பட்டவைதான்.

ஆகவே இந்தக் கையேடு பரிந்துரைக்கும் முதலாவது கறைநீக்கி, ஒரு மணித்தியாலப் பொதுமன்னிப்பு. கறை பட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் உண்மையைச் சொல்பவருக்குப் பேச்சும் இல்லை, அடியும் இல்லை. சவர்க்காரத்தைவிட மலிவு, நூலையும் கெடுக்காது. நாட்டு மட்டத்தில் இது வேலை செய்யுமா என்பது இந்தக் கையேட்டின் எல்லைக்குள் வராது.

படி 4: வகை பிரித்துச் சிகிச்சை

*கிறவலும் சேறும்.* கண்டவுடன் தண்ணீர் ஊற்றுவது எல்லா வீட்டிலும் நடக்கும் முதல் தவறு. ஈரத்தில் மண் துகள் நூலுக்குள் இன்னும் இறங்கும். காயவிடுங்கள். காய்ந்தபின் உதறி, பிறஷால் தட்டி, உதிர்வது உதிர்ந்தபின் நனைத்துச் சவர்க்காரம் போடுங்கள். கிறவலின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டு. அதை வெளுக்கும் திரவங்கள் ஒன்றும் செய்யா.

*சொதி, கறி.* இங்கேதான் புதுமணத் தம்பதிகள் பயப்படுவார்கள். மஞ்சள் பட்ட இடத்தில் சவர்க்காரம் பூசியவுடன் கறை இரத்தச் சிவப்பாக மாறும். மருமகள் கூச்சலிடுவாள். மாமியார், "நான் அப்பவே சொன்னனான்" என்பார், எதைச் சொன்னார் என்று சொல்லாமல். பயம் வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தில் சிவக்கும். தேசிப்புளி பட்டால் மறுபடி மஞ்சளாகும். அதற்கு உண்மையான எதிரி வெயில். நன்றாகத் தோய்த்து, கறை மேலே தெரிய வெயிலில் போடுங்கள். சித்திரை வெயில் என்றால் பின்னேரத்துக்குள் வெளிறத் தொடங்கும். வெயிலுக்குச் சம்பளம் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை.

*வாழைக்கயர்.* குலை வெட்டும்போது தெறிக்கும் பால் அப்போது கண்ணுக்குத் தெரியாது. காற்றுப்பட்டுக் கறுக்கும்போது சந்தேகநபர் ஊரிலேயே இருக்கமாட்டார். காய்ந்த கயரைப் போக்கக் கையேடுகள் சொல்லும் வழிகள் பல. அவற்றின் முடிவில் உடுப்பில் ஓட்டை விழும், கயர் ஓட்டையின் விளிம்பில் நிற்கும். ஊரில் இதற்கு மருந்து எப்போதோ கண்டுபிடித்தாயிற்று: தோட்டத்துக்கென்று ஒரு சாரம். அந்தச் சாரத்தில் கயர் படும். அது சாரத்தின் உரிமை.

*செயின் கிறீஸ், லாண்ட்மாஸ்ரர் எண்ணெய்.* தண்ணீர் காட்டாமல் உலர்ந்த துணியிலேயே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கிறீஸை இளக்குங்கள். துடைத்தபின் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசி ஊறவிடுங்கள். ஒடியல்மா எண்ணெயை உறிஞ்சும் என்று யாராவது சொன்னால் அது உண்மைதான். ஆனாலும் கூழுக்கு வைத்த மாவைக் கிறீஸுக்குக் கொட்டுபவரை ஆணைக்குழு தனியாக விசாரிக்கும்.

*பேனை மை.* கொரோனாக் காலத்தில் வாங்கி அலுமாரிக்குப் பின்னால் கிடக்கும் கைகழுவும் ஸ்பிரிட்டுக்கு இப்போது வேலை வந்திருக்கிறது. அடியில் ஒரு பழந்துணி வைத்து மேலிருந்து ஒற்றுங்கள். தேய்த்தால் நீல வட்டம் நீலக் குளமாகும்.

*இரத்தம்.* திருவலை, முட்கம்பி, வயலில் கடித்த அட்டை, காரணம் எதுவானாலும் பச்சைத் தண்ணீரும் உப்பும் மட்டும். சுடுதண்ணீர் இரத்தத்திலுள்ள புரதத்தை இறுக்கி நூலோடு ஒட்டிவிடும்.

படி 5: உண்மையான குற்றவாளியைக் கைது செய்தல்

எல்லாம் செய்தும் வெள்ளைத் துணி தோய்க்கத் தோய்க்க மஞ்சளாகிறதா? கறையே இல்லாத சட்டை தோய்த்தபின் கறையோடு கொடிக்கு வருகிறதா? இப்போது அந்தக் கண்ணாடிப் போத்தலை எடுங்கள். குழாய்க்கிணற்றுத் தண்ணீரை இரவில் நிறைத்து வையுங்கள். நிறைக்கும்போது பளிங்குபோல இருக்கும். காலையில் அடியில் செம்மஞ்சள் மண்டி படிந்திருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார்: தண்ணீரிலுள்ள இரும்பு.

நிலத்துக்குக் கீழே காற்றில்லாத இடத்தில் இரும்பு கரைந்து, நிறமில்லாமல் நல்ல பிள்ளையாக இருக்கும். மேலே வந்து காற்றுப்பட்டதும் ஒட்சியேறிக் கறளாகி வெளியே விழும். விழும் இடம் உங்கள் சட்டையாக இருந்தால் அதுதான் கறை. இத்தனை நாளும் பிள்ளையைப் பேசியது, மருமகளின் கைராசியைப் பேசியது, சவர்க்காரக் கொம்பனியைப் பேசியது எல்லாம் அநியாயம். கிணற்றடியில் நின்று விசாரித்தவர்கள் கிணற்றை மட்டும் விசாரிக்கவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் இரண்டாவது குற்றத்தைச் செய்வார்கள். கடையில் வெளுக்கும் திரவத்தை வாங்கி வாளிக்குள் ஊற்றுவார்கள். அதிலுள்ள குளோரின் சேர்மம், கரைந்திருக்கும் மிச்ச இரும்பையும் ஒரே மூச்சில் கறளாக்கும். மஞ்சளாக இருந்த சட்டை மண்ணிறமாக வெளியே வரும். உடனே இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டவுடன் சில வீடுகளில் தண்ணீர் தேநீர் நிறமாகிச் சனம் பயந்ததற்கும் காரணம் இதே இரும்புதான்.

செய்ய வேண்டியது இது. தோய்க்கும் தண்ணீரை முதல்நாளே தொட்டியில், உயரத்திலிருந்து விழும்படி நிறைத்து ஒரு இரவு விடுங்கள். காற்றுப்பட்டு இரும்பு அடியில் படியும். மேல்தண்ணீரை மட்டும் மொள்ளுங்கள். மணலும் கரியும் போட்ட வடியில் விட்டால் இன்னும் நல்லது. ஏற்கெனவே விழுந்த கறள் தடத்தில் தேசிப்புளியும் உப்பும் பூசி வெயிலில் வைத்து, பிறகு நன்றாக அலசுங்கள். புளிப்பு கறளைக் கரைத்து எடுக்கும். பூப்போட்ட சட்டைக்கு முதலில் உள்மடிப்பில் தடவிப் பாருங்கள்.

தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் கூடவென்றால் அது வேறு வழக்கு. சவர்க்காரம் நுரைக்காது, அந்த உலோகங்களோடு சேர்ந்து சாம்பல் நிறப் பிசுக்காகித் துணியில் அப்பும். "சவர்க்காரம் போதாது" என்று இன்னும் தேய்ப்பவர் பிசுக்கைத்தான் கூட்டுகிறார். மழைத்தண்ணீர் பிடித்துவைத்தவர் அங்கே பணக்காரர். பூநகரிப் பக்கத்துச் சவர்த் தண்ணீரை இந்தக் கையேடு கைகூப்பிக் கடந்து போகிறது.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். வெள்ளைக்கு வேண்டிய இரண்டு சரக்கும் ஒரு காலத்தில் இந்த மாவட்டத்திலேயே செய்யப்பட்டன. ஆனையிறவு உப்பளத்து உப்பைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சிப் பிரித்து, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் எடுத்தது. எரிசோடா சவர்க்காரத்துக்கு, குளோரின் வெளுக்கவும் தண்ணீர் சுத்திகரிக்கவும். எண்பதுகளில் போர் அதை நிறுத்தியது. பிறகு நகரத்துத் தண்ணீர்த் தாங்கியும் குண்டு வைத்துச் சாய்க்கப்பட்டு ஏ9 வீதியோரம் கிடந்தது. தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தாங்கி சாய்ந்த ஊரில் தண்ணீரைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றாதது தனியாக ஆராயவேண்டிய விடயம்.

படி 6: சவர்க்காரம் இல்லாதபோது

2022 இல் விலை ஏறியபோது இளையவர்கள் திகைத்தார்கள். வயது போனவர்கள் பனையை அண்ணாந்து பார்த்தார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் சவர்க்காரம் கிடைக்காமல் போனபோது பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தவர்கள் அவர்கள்.

செய்முறை: பனம்பழத்தைப் பிசைந்து களியைத் தண்ணீரில் கரைத்து, தும்பு நீக்கி, உடுப்பை அதில் ஊறவைத்துக் கும்முங்கள். நுரைக்கும். பனங்களியில் கைப்பைக் கொடுக்கும் சப்போனின் வகைச் சேர்மங்கள் நுரையும் கொடுப்பவை. ஊத்தை போகும். சிறு பக்கவிளைவாக, வெள்ளை உடுப்பு இளமஞ்சளாகும், ஊரெல்லாம் பனம்பழம் மணக்கும்.

பெரிய பக்கவிளைவு மாடு. கொடியில் காயும் சட்டையை அது பழம் என்று நம்பிச் சப்பும். களி போட்டுத் தோய்த்தால் காயும்வரை ஒருவர் காவல் இருக்க வேண்டும். சட்டைக் கையில் பச்சை எச்சில் கறை தென்பட்டால் சந்தேகநபருக்கு நாலு கால். பொதுமன்னிப்பு அவருக்கும் பொருந்தும், ஏனெனில் அவர் ஒன்றையும் மறைப்பதில்லை.

படி 7: இறுதி அறிக்கை

கறை போகவில்லை என்றால் உடுப்பின் பதவியைக் குறையுங்கள். கோயில் உடுப்பு, ரவுண் உடுப்பு, வீட்டு உடுப்பு, தோட்ட உடுப்பு, அடுப்படிப் பிடிதுணி, மோட்டார் சைக்கிள் துடைக்கும் துணி என்று ஆறு படிகள் உண்டு. ஒவ்வொரு கறையும் ஒரு படி இறக்கும். முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கட்டிப்போன வேட்டி கடைசியில் பிளக் துடைப்பதை இந்த ஊரில் யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

2009 இன் தொடக்கத்தில் இந்த ஒழுங்கு ஒரே மாதத்தில் குலைந்தது. நல்ல சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பி, பதுங்குகுழியைச் சுற்றி அடுக்கினார்கள். மண் படாமல் பொத்திவைத்த சேலைக்குள் மண்ணே நிறைந்தது. அந்தச் சேலைகளை எந்தப் படியில் வைப்பது என்று ஆணைக்குழுத் தலைவரைக் கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் பேத்தியின் சட்டையில் கிறவல் பட்டதற்கு அவர் கத்துவதில் ஒரு திருப்தி இருக்கிறது. கத்துவதற்குக் கிறவல் கறை மட்டும் மிஞ்சியிருக்கும் நாள், வன்னியில் நல்ல நாள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*நீலம் போட்டால் மஞ்சள் போகுமா?* போகாது, கண்ணுக்குத் தெரியாமல் மறையும். தேர்தல் காலத்து வேட்டிகளுக்கு அது போதும்.

*மெஷினில் போட்டால்?* தண்ணீரில் இரும்பு இருந்தால் மெஷினும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது. முன்பு ஒரு சட்டை பழுதாகும். இப்போது ஒரு தடவைக்கு ஏழு.

*பொதுமன்னிப்பு பெரியவர்களுக்கும் உண்டா?* உண்டு, நிபந்தனைகள் பொருந்தும். அண்மையில் ஆணைக்குழுவுக்கு முன்னால் வந்த வழக்கு ஒன்று முன்னுதாரணமாகத் தரப்படுகிறது. சந்தைக்குப் போன அப்பா இருட்டியபின் வந்தார். சேர்ட்டின் முன்பக்கம் நனைந்து காய்ந்திருந்தது, கள்ளு மணத்தது. கேட்க முதலே தானாக ஒப்புக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கொடுத்த சலுகை தனக்கும் வேண்டும் என்றார்.

"எப்ப பட்டது?" என்று தலைவர் கேட்டார்.

"பின்னேரம் அஞ்சு மணிபோல, மாமி."

"இப்ப எட்டு. விண்ணப்பம் பிந்திப் போச்சு. சேர்ட்டைக் கழட்டி நீரே தோயும். நாளைக்கு விடிய மட்காட்டையும் போடும்."